பழனி மலைக் காடு: படத்தில் பார்ப்பதும் நடந்து பார்ப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை பிறந்ததும் கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் கணக்கெடுப்புக்குக் கிளம்பிவிடுவோம். கல்லூரிப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர், வனத்துறை வாட்சர் ஒருவர், டேப், கயிறு, ஜிபிஎஸ், புளிச்சோறு. ஜீப்பிலும் மன்னவனூர் டீக்கடையிலும் வருஷா வருஷம் என் காதில் விழுவது அதே சந்தேகங்கள்தான். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

மேல இருந்து எல்லாம் தெரியுதே அக்கா, அப்புறம் எதுக்கு அட்டைக்கடி வாங்கிட்டு நடக்கணும்?

செயற்கைக்கோளுக்கு மரம் தெரியாது. தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்தான் தெரியும். ஐரோப்பியர்களின் சென்டினல்-2 படத்தில் ஒரு கட்டம், அதாவது ஒரு பிக்சல், 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் கணக்கில் இரண்டரை சென்ட். அமெரிக்காவின் லேண்ட்சாட்டில் 30க்கு 30, ஏறக்குறைய 22 சென்ட். அந்த 22 சென்டில் ஒரு மூலையில் சோலையும் (மலையின் இயற்கையான அடர்காடு) நடுவில் பூண்டுக்காடும் ஓரத்தில் தகர ஷெட்டும் இருந்தாலும், சிவப்புக்கு ஓர் எண், பச்சைக்கு ஓர் எண் என்று எல்லாவற்றையும் கலக்கித்தான் தரும்.

பூண்டு போட்ட நிலத்தையும் நாம் காடு என்றுதானே சொல்கிறோம்? படமும் சில சமயம் அப்படியே சொல்லிவிடுகிறது. எது எந்தக் காடு என்று பிரிக்கத்தான் நடை.

அப்படின்னா நடந்தே எண்ணிடலாமே, படம் எதுக்கு?

நாங்கள் கயிறு கட்டுவது 20 மீட்டருக்கு 20 மீட்டர் சதுரம், பிளாட் என்போம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு இப்படி 2,500 சதுரம். 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் மட்டும் சுமார் 609 சதுர கிலோமீட்டர். ஆக 15 லட்சம் சதுரத்துக்கு மேல். ஒரு குழு நாளைக்கு நாலு முடித்தால் பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமைகூட லீவு போடாமல் போனாலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும்.

இன்னொன்று, 1973க்கு நடந்து போக முடியாது. லேண்ட்சாட் வரிசையின் முதல் கோள் 1972இல் ஏவப்பட்டது. அந்தக் காலப் படத்தின் ஒரு பிக்சல் சுமார் 80 மீட்டர், ஒன்றரை ஏக்கர் வரும். மங்கல்தான். ஆனால் நம் அப்பாக்கள் காலத்து மலையைப் பார்க்க அதைவிட்டால் வேறு வழி குறைவு. 2008இலிருந்து அந்த லேண்ட்சாட் படப் பெட்டகம் முழுக்க இலவசமாகவே கிடைக்கிறது.

படத்துல பச்சையா இருந்தா காடு, பழுப்பா இருந்தா அழிஞ்ச இடம், அவ்வளவுதானே?

இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலைப் படியுங்கள். பழனி மலையின் மேல்தட்டு இயற்கையாகவே இரண்டு பங்கு: மடிப்புகளிலும் ஓடை ஓரங்களிலும் சோலை, மேடுகளில் புல்வெளி. புல்வெளி மார்கழி உறைபனியில் கருகி, மாசி வரை வைக்கோல் நிறத்தில் கிடக்கும். அது நோயும் அல்ல, அழிவும் அல்ல. அதன் சுபாவம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நட்டுவந்த வாட்டில் (நீலகிரிக்காரர்களுக்குச் சீகை), யூகலிப்டஸ், பைன் ஆகியவையோ வருஷம் முழுக்கப் பச்சை. ஆகவே புல்வெளியை வாட்டில் விழுங்கினால் படத்தில் பச்சை கூடும். இங்கே பச்சை கூடுவது பல இடங்களில் இழப்பின் அடையாளம்.

எவ்வளவு இழப்பு? 1973 முதல் 2014 வரையிலான படங்களையும் கள ஆய்வையும் சேர்த்து வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. நாற்பது வருஷத்தில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று அது காட்டியது. போனது தோட்ட மரங்களுக்கும் விவசாயத்துக்கும்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் 1987இலிருந்து வெளியிட்டுவரும் அறிக்கையில் 'வனப்பரப்பு' என்று வருவதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்து, மரக்கிளைகளின் நிழல் 10 சதவீதத்தை எட்டினால் அது வனப்பரப்பு. யாருடைய நிலம், என்ன மரம் என்று அந்த வரையறை பார்ப்பதில்லை. நிழல்மரம் அடர்ந்த தாண்டிக்குடி காபித் தோட்டம் அதில் சேரலாம், மன்னவனூர்ப் புல்வெளி சேராது. அறிக்கையைக் குறை சொல்லவில்லை. அது எதை எண்ணுகிறதோ அதைச் சரியாகத்தான் எண்ணுகிறது. 'வனப்பரப்பு கூடியது' என்ற தலைப்புச் செய்தியைப் படித்துவிட்டுச் சோலை கூடியது என்று நினைப்பதுதான் நம் தப்பு.

என்டிவிஐ, என்டிவிஐன்னு சொல்றீங்களே, அது என்ன கணக்கு?

பள்ளிக்கூடக் கணக்குதான். இலை சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சிக்கொள்ளும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்டிவிஐ. ஓர் இடம் அகச்சிவப்பை 0.40, சிவப்பை 0.05 அளவு திருப்பினால் 0.35ஐ 0.45ஆல் வகுக்க 0.78 வரும், நல்ல பச்சை. காய்ந்த புல் 0.28, 0.16 என்று திருப்பினால் 0.27தான் வரும்.

சிக்கல் மேல்முனையில். இலை ஓரளவுக்கு மேல் அடர்ந்துவிட்டால் எண் 0.8, 0.85 பக்கம் போய் நின்றுவிடும். நூறு வயசுச் சோலையும் பன்னிரண்டு வயசு வாட்டிலும் அங்கே தோளோடு தோள் உரசி நிற்கும். நன்றாக வளர்ந்த உருளைக்கிழங்குக் காடுகூடப் பக்கத்தில் வந்துவிடும்.

அப்ப சோலையையும் வாட்டிலையும் எப்படித்தான் பிரிப்பீங்க?

ஒரே படத்தை வைத்துப் பிரிப்பது கஷ்டம். ஒரு வருஷத்துப் படங்களை வரிசையாக வைத்தால் வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். சோலை மரங்கள் பலவும் கொழுந்து விடும்போது செந்நிறமாக விடும், சோலையின் மேல்பரப்பே சில வாரம் தவிட்டுச் சிவப்பில் இருக்கும். வாட்டிலில் அது இல்லை. உச்சிகளும் வேறு: சோலை பக்கம் பக்கமாக அடுக்கிய காலிஃபிளவர் போல மேடும் பள்ளமுமாக இருக்கும், ஒரே வயசில் நட்ட வாட்டில் இழுத்து விரித்த ஜமுக்காளம். அண்மை அகச்சிவப்புக்கு அடுத்துள்ள குற்றலை அகச்சிவப்பு இலையின் ஈரத்தைக் காட்டும், அதுவும் உதவும். இத்தனையையும் கணினிக்குக் கொடுத்து, 'இது சோலை, இது வாட்டில், இது பைன்' என்று நாம் நேரில் நின்று குறித்த புள்ளிகளையும் கொடுத்தால், மீதி மலையை அது வகைப்படுத்தும். புள்ளி தப்பானால் வரைபடமே தப்பு.

இவ்வளவுக்குப் பிறகும் படத்துக்கு எட்டாத ஒன்று உண்டு. மேல்மலையில் ஒரு திட்டு, வரைபடத்தில் சுத்தமான வாட்டில். போய்ப் பார்த்தோம், வாட்டில்தான். எங்களோடு வந்த பளியர் பெரியவர் குனிந்து சருகை விலக்கி ஒவ்வொரு கன்றாகத் தொட்டுப் பேர் சொல்ல ஆரம்பித்தார். 20 மீட்டர் சதுரத்துக்குள் முழங்கால் உயரத்தில் ஏழு வகைச் சோலைக் கன்றுகள். வாட்டில் நிழலிலும் ஈரத்திலும் சோலை மறுபடி தலையெடுத்துக்கொண்டிருந்தது. மேலே குடை விரித்திருக்கும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் திட்டை 'அந்நிய மரம்' என்று மட்டும் எழுதி மொத்தமாக வெட்டச் சொல்லியிருந்தால் அந்தக் கன்றுகளும் மிதிபட்டுப் போயிருக்கும்.

பிளாட்டுல என்னென்ன அளக்குறீங்க? ஒரு டேப் போதுமா?

டேப் போதும், அதைப் பிடிக்கும் விதம்தான் முக்கியம். மரத்தின் சுற்றளவைத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், மார்பளவில் எடுப்போம். சரிவில் நின்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். வாட்டில் அடியிலேயே மூன்று நாலாகப் பிரியும், ஒவ்வொன்றும் தனி வரி. அடிக்கட்டை, கன்று, உண்ணிச்செடி எவ்வளவு, எரிந்த தடம், மாட்டுச் சாணம் எல்லாம் எழுதுவோம். நாலு திசையிலும் ஒரு போட்டோ, அண்ணாந்து ஒரு போட்டோ.

புதுப்பிள்ளைகள் தவறாமல் செய்யும் தப்பு, டேப்பைச் சரிவோடு சேர்த்துத் தரையில் படுக்கவிடுவது. 30 டிகிரிச் சரிவில் 20 மீட்டர் டேப்பைப் படுக்கவிட்டால், மேலிருந்து பார்க்கும் படத்தில் அது 17.3 மீட்டர்தான். சதுரம் சுருங்கிவிட்டது, மரக்கணக்கும் குறைந்துவிட்டது. டேப்பை மட்டமாகப் பிடியுங்கள், முடியாவிட்டால் சரிவின் கோணத்தை எழுதுங்கள், வந்து கழித்துக்கொள்ளலாம்.

இதைவிடப் பெரிய வேலை நீலகிரியில் நடக்கிறது. முதுமலையில் 50 ஹெக்டேர் நிலையான பிளாட் ஒன்று 1988இலிருந்து பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் கண்காணிப்பில் இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள தண்டுவரைக்கும் பதிவு உண்டு. அங்கே எந்த மரம் எந்த வருஷம் செத்தது என்று தெரியும். ஒரு படத்தைச் சோதிக்க அப்படி ஓர் இடம் கிடைப்பது வரம்.

ஜிபிஎஸ் தப்பா காட்டினா?

காட்டும். வெட்டவெளியில் மூன்றிலிருந்து ஐந்து மீட்டர் பிழை என்றால், சோலைக்குள் 10, 15 மீட்டர் சுலபமாகப் போகும். முதல் பதிலில் சொன்ன இரண்டரை சென்ட் பிக்சலை நினைத்துப் பாருங்கள், பக்கத்துக் கட்டத்துக்கே போய்விடும். அதனால் ஓரத்தில் நிற்காமல், சுற்றிலும் குறைந்தது ஒரு பிக்சல் தூரத்துக்கு ஒரே வகைக் காடு இருக்கும் இடத்தின் நடுவில் நின்று, ஐந்து நிமிஷம் பொறுத்து எடுக்கிறோம்.

கருவியைவிட மனுஷன் செய்யும் பிழை பெரிசு. ஒரு வருஷம் எங்கள் நோட்டில் 10 பாகை 14 நிமிடம் 30 விநாடி என்று இருந்த அட்சரேகையை யாரோ 10.1430 என்று தட்டிவிட்டார்கள். சரியாக மாற்றினால் 10.2417. வித்தியாசம் 11 கிலோமீட்டர். நாங்கள் அட்டைக்கடியோடு அளந்த சோலை பெரியகுளம் அடிவாரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அவ்வளவு தூரம் போனதால் கண்ணில் பட்டது. 50 மீட்டர் போயிருந்தால் இன்றைக்கும் தெரியாது. கருவியிலேயே தசம முறையை வைத்துவிடுங்கள்.

கொடைக்கானல்ல எப்பப் பாரு மேகம். படம் எப்படிக் கிடைக்கும்?

ஜனவரியிலிருந்து மார்ச்வரை ஓரளவு தெளிவு. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை வருவதால், பல படங்களிலிருந்து மேகமில்லாத பிக்சல்களைப் பொறுக்கி ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் ரேடார்தான் கதி. சென்டினல்-1 ரேடார் மேகத்தையும் இருட்டையும் பொருட்படுத்தாது. ஆனால் பக்கவாட்டில் பார்க்கும் கருவி அது. நம்மூர்ச் செங்குத்துச் சரிவுகளில் மலையுச்சி அடிவாரத்தின் மேல் கவிழ்ந்தாற்போலப் பதிவாகிவிடும்.

மேகத்தைவிட எனக்குத் தலைவலி நிழல். இந்தக் கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்து, பத்தரைக்கு. தையில் அந்நேரம் சூரியன் தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். வடமேற்குச் சரிவெல்லாம் இருண்டு கிடக்கும், இருண்ட புல்வெளி சோலை மாதிரித் தெரியும். சந்தேகப் புள்ளிகளில் பாதி அந்தச் சரிவுகளில்தான் விழும்.

நீங்க போற புள்ளியில காட்டுமாடு நின்னா?

திரும்பிவிடுவோம். வாட்சர் சொன்னால் சொன்னதுதான். ஆனால் 'ஏறக் கஷ்டம்' என்பதற்காகப் புள்ளியை மாற்றக் கூடாது. ரோட்டோரமாகவே எடுத்தால் ரோட்டோரக் காட்டைப் பற்றித்தான் தெரியும். மாற்றுப்புள்ளிகளை வீட்டிலேயே வரிசை போட்டு எடுத்துப் போவோம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலே வைக்கக் கூடாது, அதைத் தனியாகக் கேட்காதீர்கள்.

மேப்புல 90 சதவீதம் துல்லியம்னு போட்டிருக்காங்களே, நம்பலாமா?

எதில் 90 என்று கேளுங்கள். நூறு இடத்தில் பத்து மட்டுமே சோலை என்று வைப்போம். நான் கண்ணை மூடிக்கொண்டு நூறையும் 'சோலை இல்லை' என்று எழுதினால் எனக்கு 90 மார்க். ஒரு சோலையைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை, ஆனாலும் 90.

ஆகவே ஒவ்வொரு வகைக்கும் இரண்டு கேள்வி தனித்தனியாகக் கேட்க வேண்டும். தரையில் சோலையாக இருப்பதில் எத்தனையை வரைபடம் பிடித்தது? வரைபடம் சோலை என்று சொன்னதில் எத்தனை உண்மையில் சோலை? இரண்டும் ஒன்றல்ல. கணினிக்குச் சொல்லிக்கொடுக்கப் பயன்படுத்திய புள்ளிகளையே சோதிக்கவும் பயன்படுத்தியிருந்தால் அந்த மார்க்கைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள். வினாத்தாளை முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த கதை.

எங்க ஊர்ல புல்லு எரிஞ்சப்ப போன்ல எச்சரிக்கை வரவே இல்லையே?

தீ எச்சரிக்கைக்குப் பயன்படுவது வேறு கருவிகள். விர்ஸ் என்பதன் பிக்சல் 375 மீட்டர், மோடிஸுக்கு ஒரு கிலோமீட்டர். சூடு தெரிந்தால் வன ஆய்வு நிறுவனம் வழியாகச் செய்தி போகும். ஆனால் விர்ஸ் சுமந்த கோள்கள் நம் பக்கம் வருவது மதியம் ஒன்றரை, இரவு ஒன்றரையை ஒட்டி. சாயங்காலம் நாலு மணிக்குப் பிடித்து ஆறு மணிக்கு அணைந்த புல் தீ அவற்றின் கண்ணில் படாது. மரத்தடியில் சருகுக்குள் புகையும் தீயும் அப்படித்தான். செய்தி வரவில்லை என்பதால் தீ இல்லை என்று இருந்துவிடாதீர்கள், ரேஞ்ச் ஆபீசுக்குப் போன் போடுங்கள்.

எரிந்த தடத்தைப் பிறகு சென்டினல்-2 படத்தில் அளக்கலாம். சீக்கிரம் செய்ய வேண்டும். ஒரு கோடை மழை பெய்தால் சில வாரத்தில் புல் துளிர்த்து, தடமே இல்லாமல் போய்விடும்.

வாட்டிலை வெட்டிட்டுப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவர்றாங்க. அது படத்துல காடழிப்பு மாதிரிதானே தெரியும்?

ஆமாம், அப்படியேதான் தெரியும். பச்சை கூடினால் இழப்பு என்று மேலே சொன்னதற்கு இது மறுபக்கம்: இங்கே பச்சை குறைவது மீட்பாக இருக்கலாம், திருட்டு வெட்டாகவும் இருக்கலாம். வெட்டிய இடமும் தேதியும் களத்திலிருந்து வராவிட்டால் படம் இரண்டையும் ஒரே சிவப்புப் புள்ளியாகக் காட்டும்.

அடுத்த வருஷம் இன்னும் குழப்பம். வெட்டிய இடம் மழைக்குப் பிறகு பச்சை கட்டும். புல் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவதற்கு முன்னால் போய்ப் பாருங்கள். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், வெயிலோ தீயோ பட்டால் முளைக்கும். கணுக்கால் உயரத்தில் கீரைப்பாத்தி போல நெருக்கமாக நின்றால் அது வாட்டில் கன்று. அந்த வயசில் கையால் பிடுங்கிவிடலாம். மூன்று வருஷம் கழித்துப் படம் பார்த்துத் தெரிந்துகொண்டால் அரிவாள் வேண்டும்.

படத்தை வெச்சு இந்தக் காட்டுல எவ்வளவு கார்பன்னு சொல்லிடலாமா?

நேரடியாக முடியாது. பிளாட்டில் அளந்த சுற்றளவையும் உயரத்தையும் வைத்து மரத்தின் எடையைக் கணக்கிட்டு, அதைப் படத்தோடு பொருத்தித்தான் மலை முழுக்க விரிக்க வேண்டும். என்டிவிஐ அடர்காட்டில் நின்றுவிடும் என்று பார்த்தோம். சென்டினல்-1 ரேடாரின் அலை ஐந்தரை சென்டிமீட்டர் அளவுதான், இலைகளிலும் சிறு கிளைகளிலும் சிதறிவிடும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் ரேடார் கோள், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. அதன் எல்-பேண்ட் அலை 24 சென்டிமீட்டர், இன்னும் உள்ளே போய்ப் பெரிய கிளை, அடிமரம்வரை தொடும். அதுவும் மிக அடர்ந்த காட்டில் ஓர் எல்லைக்கு மேல் தடுமாறும்.

புல்வெளியின் கார்பன் பெரும்பகுதி மண்ணுக்குள். அதை எந்தக் கோளும் எட்டிப் பார்க்காது. 'மரம் நட்டால் கார்பன் ஏறும்' என்று புல்வெளியில் குழி தோண்ட வருபவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

எங்க ஊருக்கு மேல இருக்கிற காட்டை நாங்களே பார்த்துக்க முடியுமா? செலவு ஆகுமா?

கவுஞ்சியிலிருந்து வந்த ஒரு விவசாயி கேட்டது. சென்டினலும் லேண்ட்சாட்டும் இலவசம், இஸ்ரோவின் புவன் தளத்திலும் படம் உண்டு, படத்தைத் திறந்து பார்க்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் இலவசம். ஊரில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு பிள்ளை ஒரு மாசம் உட்கார்ந்தால் பழகிவிடும்.

ஆனால் நான் முதலில் சொல்வது வேறு. ஊர் எல்லைக்குள் புல்வெளி தெரியும் மேடாகப் பார்த்து, அசையாத பாறை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெயிண்டால் ஒரு குறி. வருஷா வருஷம் அதே மாசம், அதே குறியில் நின்று, அதே நாலு திசையில் போட்டோ எடுங்கள். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவரை நிறுத்தி, எதிரே தெரியும் ஒவ்வொரு திட்டுக்கும் பேர், அங்கே முன்னால் என்ன இருந்தது, எப்போது மாறியது என்று கேட்டு எழுதுங்கள். 'அந்தச் சரிவில் நான் சின்னப்பிள்ளையில் மாடு மேய்த்தேன்' என்று அவர் கைகாட்டும் இடத்தை 1973 படத்தில் தேடிப் பாருங்கள். அவர் பாதை என்று சொன்னது அதில் தெரியாது, பிக்சல் பெரிசு. மேய்ச்சல் நிலம் தெரியும்.